முகப்பருவும் உலர்ந்த தோலும்

பருவம் எய்திய இளைஞர் முகத்தில் அரும்பும் பருக்களைக் குறித்து ஒரு வரலாற்றுப் பேச்சா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். அரசரும் போரும் உடன்படிக்கையுமே வரலாறு என்று பள்ளியிற் பழகிய பழக்கம் நம்மை எளிதில் விட்டு நீங்குவதில்லை. ஆயினும் ஒருவர் காலையில் எழுந்து முகத்தை எதனாற் கழுவுகிறார், கழுவிய பின்னர் எதைப் பூசுகிறார் என்னும் இச் சிறு செயலின் பின்னால் இரசாயனமும் வணிகமும் மருத்துவமும் ஒரு சிறைச்சாலையும் வரிசையாக நிற்கின்றன. அவ் வரிசையை ஒருமுறை பார்த்துவருவதே இன்றைய நோக்கம்.

எல்லார் தோலைப் பற்றியும் இங்குப் பேசப் போவதில்லை. தோல் வறண்டு செதில் எழும்பும். அதே தோலிற் பருவும் முளைக்கும். இவ்விரு துன்பமும் ஒருங்கே வாய்த்தவர் சிலர் உளர். அவர்கள் எண்ணெய்ப்பசை உள்ளதைப் பூசினாற் பரு பெருகுகிறது. பருவுக்கு மருந்திட்டாற் கன்னம் காய்ந்து எரிகிறது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்நிலைதான். இவர்களுக்குரிய ஒழுங்கான அன்றாடப் பராமரிப்பு இன்னதென்று மருத்துவம் தெளிவாகக் கூறத் தொடங்கியது மிக அண்மைக் காலத்திலேயே. அதற்கு முன் நெடுங்காலம் கூறப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அவர்களுடைய துன்பத்தை மிகுவித்தனவே அன்றிக் குறைத்தன அல்ல.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தமிழில் நாம் பரு என்கிறோம். பருத்தல், பருமை ஆகிய சொற்களோடு அது உறவுடையதாகத் தோன்றுகிறது. நம் முன்னோர் கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தை நோக்கிப் பெயரிட்டனர். மேனாட்டு மருத்துவர் வழங்கும் ‘அக்னே’ என்னும் சொல்லின் கதை வேறு. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அமிதா நகரத்து ஏட்டியஸ் என்னும் கிரேக்க வைத்தியர் நூலில் அச்சொல் காணப்படுகிறது. உச்சி, முதிர்ச்சி எனப் பொருள்படும் ‘அக்மே’ என்பதே அதன் மூலமென்றும், ஏடு பெயர்த்தெழுதியவர் கையில் மகரம் னகரமாகித் திரிந்ததென்றும் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஏட்டுப் பிழை ஒன்று உலகெங்கும் மருத்துவச் சொல்லாக நிலைபெற்றுவிட்டது. பழைய சுவடிகளோடு பழகியோர்க்கு இது வியப்பளிக்காது.

தோலின் வறட்சிக்கு மருந்து தேடிய வரலாறு அதனினும் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியிற் புகழோடு விளங்கிய கேலன் என்னும் வைத்தியர் பெயரால் வழங்கும் களிம்பு ஒன்று உண்டு. தேன்மெழுகை உருக்கி, எண்ணெயோடு கலந்து, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அடித்துக்கொண்டே வந்தால் வெண்ணெய் போன்றதொரு பதம் கிடைக்கும். அதனைத் தோலிற் பூசியவுடன் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். ‘கோல்ட் கிரீம்’ என்று பிற்காலத்திற் கடைகளில் விற்றது இதன் வழிவந்ததே. எண்ணெயும் நீரும் சேரா என்பது உலக வழக்கு. அவற்றைச் சேர்த்துவைக்கும் வித்தையே இன்றைக்கு விலையுயர்ந்த குப்பிகளில் அடைத்து விற்கப்படும் முகப்பூச்சுக்கள் அனைத்துக்கும் அடிப்படை. அதற்கு 1800 ஆண்டு வயது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

பருவுக்கு இட்ட மருந்தின் கதை அத்துணை இனியதன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திற் ‘கௌலண்ட் லோஷன்’ என்றொரு முகக்கழுவு நீர் பெரும் புகழ் பெற்றது. கசப்பு வாதுமைப் பாலில் இரசகற்பூரத்தினும் கொடியதான சவ்வீரத்தைக் கலந்து செய்யப்பட்டது அது. சவ்வீரம் என்பது பாதரசமும் குளோரினும் சேர்ந்த நச்சு உப்பு. அது மேற்றோலை எரித்து உரித்துவிடும். உரிந்த இடத்தில் இளந்தோல் தோன்றும்போது முகம் தெளிந்துவிட்டதென்று பூசியவர் மகிழ்வர். ஜேன் ஓஸ்டின் அம்மையாரின் ‘பெர்சுவேஷன்’ நாவலில், தன் அழகிலேயே மயங்கிக் கிடக்கும் சீமான் ஒருவர் இந்நீரைப் பிறர்க்குப் பரிந்துரைக்கிறார். எள்ளி நகைப்பதற்காகவே ஆசிரியை அதனை அங்கு வைத்தார். ஆயினும் அக்காலத்து மக்கள் அதனை மெய்யாகவே வாங்கிப் பூசினர் என்பதற்கு அந்நாவலும் ஒரு சான்று.

தோல் நோய்களை முறையாக வகுத்தவர்கள் இலண்டன் மாநகரின் இரு வைத்தியர்கள்: இராபர்ட் வில்லன், அவர் மாணாக்கர் தோமஸ் பேற்மன். வில்லன் 1812இற் காலமானார். ஆசிரியர் முடிக்காது விட்ட பணியை மாணாக்கர் 1813இல் நூலாக்கினார். பருக்களை எளியவை, கரும்புள்ளி உடையவை, கெட்டித்தவை எனப் பேற்மன் பிரித்துக் காட்டினார். ஆனால் அவை எதனால் உண்டாகின்றன என்பதை அவரும் அறியார். பெயரிட்டாயிற்று, காரணம் காண இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையில் உலகத்தார் முகங்கழுவும் முறையையே மாற்றிய பொருளொன்று பெருகத் தொடங்கிற்று. அதுவே சவர்க்காரம். பண்டைக்காலந்தொட்டு அது இருந்துவந்ததாயினும், சாம்பலிலிருந்து பெறும் காரம் அரிதாகையால் விலை மிகுந்ததாக இருந்தது. பிரான்ஸ் நாட்டு நிக்கொலா லெபிளாங்க் கறியுப்பிலிருந்து சோடாக்காரம் செய்யும் முறைக்கு 1791இல் உரிமைச் சாசனம் பெற்றார். அந்நாட்டு ஷெவ்ரோல் என்னும் இரசாயன அறிஞர் கொழுப்பு யாது, அது காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாவது எவ்வாறு என்பதைத் துருவி ஆராய்ந்து 1823இல் நூல் வெளியிட்டார். 1853இல் இங்கிலாந்து சவர்க்கார வரியை ஒழித்தது. வரி போயிற்று, காரம் மலிந்தது, கொழுப்புத்தான் போதவில்லை. அக்குறையை நிரப்பியவை வெப்பநாடுகளின் எண்ணெய்கள். இலங்கையின் தேங்காயெண்ணெய் கப்பலேறி இங்கிலாந்தின் மெழுகுதிரித் தொழிலுக்கும் சவர்க்காரத் தொழிலுக்கும் போய்ச் சேர்ந்தது. 1880களில் லீவர் சகோதரர்கள் தொடங்கிய சன்லைற் சவர்க்காரத்தில் மிருகக் கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெய்களைக் கூட்டியமையால் நுரை எளிதில் எழுந்தது. நம் கரையோரத்துத் தென்னைக்கும் மேனாட்டார் முகங்கழுவும் பழக்கத்துக்கும் இவ்வாறு ஓர் உறவு ஏற்பட்டது.

சவர்க்காரத்தினால் மனித குலம் அடைந்த நன்மையை யாரும் மறுக்கவியலாது. கைகழுவும் பழக்கம் காத்த உயிர்கள் எண்ணிலடங்கா. ஆனால் முகத்தின் தோலுக்கு அது ஏற்றதா என்பது வேறு கேள்வி. கழுவுதல் நல்லதென்றால் மிகுதியாகக் கழுவுதல் மிக நல்லதென்று மக்கள் முடிவு கட்டினர். பரு அழுக்கினால் வருவதென்னும் நம்பிக்கை வேரூன்றியதும் இக்காலத்திலேயே. கரும்புள்ளியைக் கண்டவர் அது மயிர்த்துளையில் அடைந்த அழுக்கே என்று எண்ணியதில் வியப்பில்லை. உண்மையில் அக்கருமை தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்னும் பொருளாலும், அடைப்பிலுள்ள கொழுப்புப் பொருள்கள் காற்றுப் பட்டு மாறுவதாலும் வருவது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. இதை அறியாமையால் எத்துணை இளைஞர்கள் தம் முகத்தை நாளொன்றுக்கு ஐந்து முறை ஆறு முறை தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டனர்! அழுக்குள்ளவர் என்னும் பழியையும் அவர்கள் சேர்த்தே சுமக்க நேர்ந்தது. பருவினும் அப்பழியே கொடிது என்பது என் கருத்து.

1928இல் ஜேர்மனியில் ஹைன்ரிக் ஷாடேயும் அல்பிரட் மார்கியோனினியும் தோலின் மேற்பரப்பை அளந்து, அது சற்றே அமிலத் தன்மையுடையதென்று வெளியிட்டனர். ‘அமிலப் போர்வை’ என்று அதற்குப் பெயருமிட்டனர். அமிலமும் காரமும் அளக்கும் அளவுகோலில் 7 நடுநிலை. நலமான முகத்தோல் 5ஐ ஒட்டி நிற்கும். சவர்க்காரக் கரைசலோ 9 முதல் 10 வரை செல்லும் காரத்தன்மையுடையது. நல்ல தோல் கழுவிய சில மணி நேரத்திலே தன் அமிலநிலையை மீட்டுக்கொள்ளும். இயல்பாகவே வறண்ட தோலுக்கு அது எளிதன்று. மீளுமுன் மறுபடியும் கழுவினால் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். மார்கியோனினி பின்னர் ஹிட்லர் ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சித் துருக்கி நாட்டு அங்காராவிற் பல்லாண்டு பணியாற்றினார் என்பதையும் இடையிற் குறிப்பிட்டு வைக்கலாம்.

இனி எண்ணெய்ப்பசையின் பக்கம் திரும்புவோம். அமெரிக்காவிற் பெற்றோலியக் கிணறுகள் தோண்டப்பட்ட காலத்தில், குழாய்த் தண்டுகளில் ஒட்டிக்கொண்ட மெழுகு போன்ற பொருளைத் தொழிலாளர் தம் காயங்களிற் பூசிக்கொண்டனர். இதைக் கவனித்த இராபர்ட் செஸ்பரோ என்பார் அதனைத் தூய்மைசெய்து 1872இல் ‘வசலீன்’ என்னும் பெயரில் உரிமைச் சாசனம் பெற்றார். கேலனுடைய களிம்பு நாட்படச் சிக்குநாற்றம் அடித்துக் கெடும், வசலீன் கெடாது. 1882இல் ஜேர்மனியிற் செம்மறியாட்டு உரோமத்தின் கொழுப்பைத் தூய்மைசெய்து லனோலின் செய்தனர். அதே உரோமக் கொழுப்பிலிருந்து ஐசாக் லிப்ஷூற்ஸ் என்பார் எண்ணெயையும் நீரையும் உறுதியாகப் பிணைக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். ஹம்பேர்க் நகரத்துப் புகழ்பெற்ற தோல் வைத்தியரான பவுல் கேர்சன் உன்னா அதன் பயனை உணர்ந்து, தம் நண்பரும் மருந்துத் தொழிலதிபருமான ஒஸ்கார் துரோப்லோவிற்ஸ் அதனை வாங்கத் தூண்டுகோலானார். 1911இல் அதிலிருந்து பிறந்தது நிவியா. பனிபோல் வெண்மையானது என்பது அவ்விலத்தீன் பெயரின் பொருள்.

நம்மவர் ‘ஸ்நோ’ என்று வழங்கிய பூச்சும் இக்காலத்ததே. அதன் பெயரும் பனியையே குறிக்கும். ஆனால் அது நிவியாவைப் போன்றதன்று. பூசியவுடன் மறைந்து, மினுமினுப்பின்றி நிற்பது, மாப்பூச்சுக்கு அடித்தளமாவது. அமெரிக்காவின் பொண்ட்ஸ் நிறுவனம் 1910களின் நடுப்பகுதியில் ஒரு வணிகத் தந்திரம் செய்தது. இரவிலே துடைத்தெடுப்பதற்குக் குளிர்களிம்பு, பகலிலே பூசுவதற்கு மறையும் களிம்பு, ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டும் வேண்டும் என்று பறைசாற்றிற்று. அன்றாட முகப் பராமரிப்பு ‘ஒழுங்கு’ என்று இன்று நாம் கூறுவது உருவானது வைத்தியர் அறையிலன்று, விளம்பரக்காரர் மேசையில். அதற்காக அதனை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. காலை ஒன்று, மாலை ஒன்று என்னும் முறை மனிதர் கைக்கொள்ளக்கூடியதாகவே இருந்தது. ஆனால் அவ்விளம்பரங்களில் எண்ணெய் வழியும் முகம், வறண்ட முகம் என இருவகைப் பேச்சே மிகுதி. இரண்டும் ஒன்றாயுள்ள முகத்துக்கு அங்கு இடமில்லை.

வைத்தியர்களிடம் சென்றாலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. பருவென்றால் எண்ணெய், எண்ணெய் என்றால் உலர்த்து என்பதே மந்திரம். கந்தகம், ரிசோர்சினால், மதுசாரம் கலந்த கழுவுநீர்கள், தோலுரிக்கும் பசைகள் எல்லாம் உலர்த்தும் நோக்கத்தோடேயே கொடுக்கப்பட்டன. கந்தகம் பயனற்றது என்று கூறிவிட முடியாது. இன்றும் சில மருந்துகளில் அது உண்டு. ஆனால் உலர்த்துவதே நோக்கமாகும்போது எங்கு நிறுத்துவது என்பது தெரியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஐம்பதாண்டுக்கு மேலாக ஊடுகதிர்களைப் பாய்ச்சியும் பருவைக் காயவைத்தனர். நெய்ச்சுரப்பிகள் சுருங்கின, பருவும் மறைந்தது. பதினாறு, பதினேழு வயதில் அச்சிகிச்சை பெற்றவர் சிலர்க்குப் பல்லாண்டு கழித்துக் கேடயச் சுரப்பியிலும் முகத்தோலிலும் புற்றுநோய் தோன்றிற்று. உயிருக்கு இறுதி தராத ஒரு நோய்க்கு உயிரைப் பணயம் வைத்த கதை அது.

பருவின் உண்மைக் காரணத்தை நோக்கிய முதற் பெரிய அடி 1941இல் வைக்கப்பட்டது. ஜேம்ஸ் ஹமில்ற்றன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பருவமெய்து முன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண்மைச் சுரப்புநீராகிய தெஸ்தொஸ்தரோனைச் செலுத்தினாற் பரு தோன்றுகிறதென்பதையும் காட்டினார். அவர்கள் முகங்கழுவிய முறையில் மாற்றமில்லை. மாறியது குருதியில் ஓடிய சுரப்புநீர் ஒன்றே. அழுக்குக் கொள்கை அத்துடன் மாய்ந்திருக்க வேண்டும். மாயவில்லை. இன்றும் வீடுகளில் அது உயிரோடிருக்கிறது.

வறட்சியைப் பற்றிய உண்மை 1952இல் வெளிவந்தது. பொஸ்ரன் நகரில் இர்வின் பிளாங்க் என்னும் ஆய்வாளர் காலின் தடித்த தோலிலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுத்தார். அவை உலர்ந்தவுடன் அப்பளம்போல் ஒடிந்தன. அத்துண்டுகளை எண்ணெயிலும் வசலீனிலும் லனோலினிலும் நெடுங்காலம் ஊறவைத்துப் பார்த்தார், மென்மையடையவில்லை. நீரிலிட்டார், சிறிது நேரத்தில் வளைந்தன. தோலை மென்மையாக்குவது நீர். எண்ணெய் அந்நீரைப் போகவிடாது தடுக்கும் மூடியே அன்றி வேறில்லை. உலர்ந்த தோல் என்றால் எண்ணெய் குறைந்த தோல் என்று அதுவரை கொண்டிருந்த எண்ணம் இந்த எளிய சோதனையால் உடைந்தது. நெய்ச்சுரப்பி நிறையச் சுரந்தும் தோல் நீரிழந்து வறளலாம் என்பதற்கு இதனாலேயே இடமுண்டாயிற்று. பரு பிடித்த உலர்தோல் ஒரு முரண்பாடு அன்று.

இவ்வரலாற்றின் மிக இருண்ட பகுதிக்கு இப்பொழுது வருகிறோம். பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையில் 1951 முதல் 1974 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல் வைத்தியப் பேராசிரியர் அல்பேட் கிளிக்மன் கைதிகளின் உடலிற் சோதனைகள் நடத்தினார். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சிலர் தீர்ப்பே வழங்கப்படாது காத்திருந்தவர்கள். சில டொலர் கூலிக்காகத் தம் முதுகையும் கையையும் முகத்தையும் கொடுத்தனர். எதைப் பூசுகிறார்கள், அதனால் என்ன நேரும் என்பது பெரும்பாலும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சவர்க்காரமும் நறுமணப் பொருள்களும் மட்டுமன்றி, டயொக்சின் என்னும் கொடிய நஞ்சும் அவர்கள் தோலிற் பூசப்பட்டது. தழும்போடும் நோயோடும் எஞ்சிய வாழ்வைக் கழித்தவர் பலர். அலன் ஹோர்ன்பிளம் 1998இல் வெளியிட்ட நூலே இச்செய்தியைப் பொதுமக்கள் கண்முன் கொண்டுவந்தது. பிலடெல்பியா நகராட்சி 2022இல் மன்னிப்புக் கோரிற்று. அதற்குள் அக்கைதிகளிற் பெரும் பகுதியினர் இறந்துபோயினர்.

பருவுக்கு இன்று உலகெங்கும் முதல் மருந்தாக நிற்கும் விற்றமின் ஏ அமிலம் அச்சிறைச்சாலையோடு தொடர்புடையது. ஜேர்மனியிலே 1960களின் தொடக்கத்தில் அது தோலிற் பூசிப் பார்க்கப்பட்டிருந்தது. பருவுக்கு அதன் பயனைக் கிளிக்மனும் அவருடைய துணைவர்களும் 1969இல் வெளியிட்டனர். 1971இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக அங்கீகரித்தது. மயிர்ப்புடைப்பின் வாயில் உதிரவேண்டிய தோற்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாவதே பருவின் தொடக்கம். அவ்வமிலம் அக்கலங்கள் ஒட்டாது உதிரச் செய்கிறது. உலர்த்துவதன்று, அடைப்பைத் திறப்பதே வேலை. மருந்து மெய்யானது, அதற்கு விலை கொடுத்தவர்கள் பெயர் எந்தக் குழாயிலும் அச்சிடப்படவில்லை.

அம்மருந்து தோலை எரித்துச் சிவப்பாக்கி உரியச் செய்தது. முதலில் அவ்வுரிதலே மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று பலர் கருதினர். வறண்ட தோலினர் இரண்டு வாரம் பூசி, முகம் வெந்தாற்போலாகக் குழாயை எறிந்துவிட்டனர். 1965இற் கனடா நாட்டு வைத்தியரொருவர் பருவுக்குக் கந்தகத்தோடு சேர்த்துக் கொடுத்துக் காட்டிய பென்சோயில் பெரொட்சைட்டும் அவ்வாறே. பரு வளர்க்கும் பற்றீரியாவை அது ஒட்சிசனாற் கொல்லும், தோலையும் உலர்த்தும், துவாயையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும். முதலில் 5 வீதமும் 10 வீதமுமாகவே அதனைக் கொடுத்துவந்தனர். 2.5 வீதமும் அவற்றுக்கு ஈடாக வேலை செய்கிறது, எரிச்சலோ குறைவு என்பது 1986இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. கூட்டினால் நன்மை என்னும் பழைய எண்ணம் இங்கும் தோற்றது.

கிளிக்மன் குழுவினர் செய்த வேறிரண்டு ஆய்வுகளையும் சொல்லவேண்டும். சொக்கலேற் உண்பதால் பரு கூடுவதில்லை என்று 1969இல் அவர்கள் எழுதினர். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மற்றைய இனிப்பிலும் கொழுப்பும் சர்க்கரையும் ஏறத்தாழ அதே அளவு இருந்தன என்பதைப் பிறர் சுட்டிக்காட்டினர். ஆயினும் உணவுக்கும் பருவுக்கும் உறவே இல்லை என்று ஒரு தலைமுறை வைத்தியர்கள் நோயாளருக்குக் கூறிவந்தனர். 2007இல் அவுஸ்திரேலியாவில் நடந்த சோதனை, குருதியிற் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவைக் குறைத்தவர்க்குப் பரு தணிந்ததைக் காட்டிற்று. நம் பாட்டிமார் இனிப்பைக் குறை என்றதில் ஓரளவு உண்மை இருந்ததென்று இன்று கூறலாம்.

மற்றையது 1972இல் வந்தது. முகத்திற் பூசும் அலங்காரக் களிம்புகளே சிறு பருக்களைத் தோற்றுவிக்கின்றன என்று அவர்கள் காட்டினர். முயலின் காதில் எண்ணெய்களைப் பூசி, எது துளையை அடைக்கிறதென்று வரிசைப்படுத்தினர். நம் தேங்காயெண்ணெய் அடைக்கும் கூட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. முயற்காது மனித முகமன்று. அது மனிதத் தோலினும் எளிதில் அடைபடுவது. ஆகையால் அவ்வரிசையை வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனாலும் பருவுள்ளவர் தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழியாமற் பார்த்துக்கொள்வது நன்று. தென்னைக்கு இதனால் இழுக்கொன்றுமில்லை. 1957இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த டவ் கட்டி, சவர்க்காரமல்லாத மென்கழுவியால் ஆனது. அக்கழுவியும் தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலத்திலிருந்தே செய்யப்படுவது. காரமாகித் தோலை வருத்திய எண்ணெயே வேறுருக்கொண்டு அதனைக் காக்க வந்தது.

இவ்விரு கதைகளும், அதாவது வறட்சியின் கதையும் பருவின் கதையும், ஒன்றுசேர்ந்தது கடந்த நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில். தோலின் புறப்படையை மதிலுக்கு ஒப்பிட்டுப் பீற்றர் இலாயஸ் முதலிய ஆய்வாளர் விளக்கினர். இறந்த கலங்கள் செங்கல். அவற்றிடையே செரமைட்டு, கொலஸ்தரோல், கொழுப்பமிலம் என்னும் மூன்றும் சாந்து. சாந்து உதிர்ந்தால் நீர் கசியும், எரிச்சல் தருவன உட்புகும். 1995இல் யப்பானிய ஆய்வாளர் பருவுள்ளவர் தோலில் அச்சாந்தின் செரமைட்டு குறைந்திருப்பதையும் நீர் மிகுதியாக வெளியேறுவதையும் அளந்து காட்டினர். பருவுள்ள தோல் மதில் பழுதுபட்ட தோலாகவும் இருக்கலாம் என்பது தெளிவாயிற்று. அதனை மேலும் உலர்த்திய இருநூறாண்டுச் சிகிச்சை, கூரை ஒழுகும் வீட்டிற் சுவரையும் இடித்ததற்கு ஒப்பாகும்.

இவ்வறிவின் பயனாக இன்று அமைந்துள்ள அன்றாட முறை மிகச் சிறியது. காலையும் இரவும் வெதுவெதுப்பான நீரிலே, சவர்க்காரமல்லாத மென்கழுவியால், கையாலேயே கழுவுவது. மிகவும் வறண்டவர்க்குக் காலையில் நீர் மட்டுமே போதும். பயற்றம்மா தேய்க்கும் வழக்கமுள்ளோர் அதன் கரடுமுரடு பருவைச் சிராய்க்காது பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவியபின் துவாயால் ஒற்றி, ஈரம் முற்றும் உலருமுன் செரமைட்டோ கிளிசரினோ கொண்ட, மணமற்ற, துளையடைக்காத மென்பூச்சு ஒன்றைத் தடவுவது. ஈரத்தின்மேல் தடவுவதன் காரணம் பிளாங்க் அவர்களின் சோதனையிலேயே இருக்கிறது. பகலில் வெயிற்காப்புப் பூச்சு வேண்டும். அதன் வலுவை எண்ணால் அளக்கும் முறையை ஒஸ்திரிய நாட்டு பிரான்ஸ் கிரைற்றர் 1974இற் பரப்பினார். 30 அல்லது அதற்கு மேற்பட்டது நன்று. நம் போன்ற நிறமுடையோர்க்குப் பரு ஆறிய இடத்துக் கருவடு வெயிலினால் நெடுநாள் நிலைக்குமாகையால், இதனை வெள்ளையர் வழக்கமென்று ஒதுக்கிவிடலாகாது.

மருந்து இரவுக்குரியது. விற்றமின் ஏ அமிலத்தின் இனத்தைச் சேர்ந்ததும் அதனினும் மென்மையானதுமான அடப்பலீன் 1996இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பட்டாணிக்கடலை அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லப் பரப்பவேண்டும். பருவின் தலையில் மட்டும் புள்ளி வைப்பதிற் பயன் குறைவு. வறண்ட தோலினர் மூன்று இரவுக்கு ஒருமுறை தொடங்கி, தோல் பழகப் பழக இடைவெளியைக் குறைக்கலாம். மென்பூச்சை முதலில் தடவி அதன்மேல் மருந்திட்டால் எரிச்சல் தணியும். கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் இம்மருந்தை நாடலாகாது. அவர்கள் வைத்தியரிடம் வேறு வழி கேட்கவேண்டும்.

கௌலண்டின் பாதரசம் மறைந்துவிட்டதென்று எண்ணவேண்டாம். 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் கலந்த முகப்பூச்சுக்களை 2020க்குள் ஒழிக்கவேண்டுமென்றது. இலங்கையும் அதிற் சேர்ந்த நாடே. ஆயினும் தோலை வெண்மையாக்கும் என்று சொல்லி இங்கு விற்ற களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கண்டறியப்பட்டுள்ளது. வலிய ஸ்தெரொயிட்டு மருந்தைக் கலந்து விற்பனவும் உண்டு. முதல் வாரம் பரு அடங்கி முகம் பளபளக்கும். நிறுத்தியவுடன் பன்மடங்காகப் பரு கிளம்பும், தோலும் மெலிந்துபோகும். செய்தவர் பெயரும் உட்பொருள்களும் அச்சிடப்படாத டப்பியை, யார் புகழ்ந்து கொடுத்தாலும் வாங்காதிருப்பதே பாதுகாப்பு.

பருவின் அடைப்பு கண்ணுக்குத் தெரியுமுன்னரே பல வாரம் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். ஆகையால் மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் முன்னரே உருவாகியிருந்தவை மேலெழும். சிலர்க்குப் பரு கூடியது போலவும் தோன்றும். 8 வாரம் முதல் 12 வாரம் வரை பொறுத்திருந்தே பயன் காணவேண்டும். அதற்கிடையில் மருந்தை மாற்றிக்கொண்டேயிருப்பவர் எதனாலும் பயன் பெறுவதில்லை. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் தணியாவிடினும், பருக்கள் ஆழ்ந்து கட்டியாகித் தழும்பு விடத் தொடங்கினாலும், பெண்களுக்கு மாதவிலக்குத் தவறுதலோடு பரு மிகுந்தாலும், அரசாங்க வைத்தியசாலைகளின் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லத் தாமதிக்கலாகாது. தழும்பு விழுந்த பின்னர் அதனை அகற்றுவது பருவை ஆற்றுவதினும் கடினம்.